க்யூப் வாங்குவதற்கு முன் டிக்கெட்டைக் கையில் எடுங்கள்

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் நவம்பரில் கோவையிலிருந்து நியூ ஜெர்சி போகிறோம். நான்கு மாதம் தங்குவோம். பெட்டியில் இடம் போதாதோ என்று பயமாக இருக்கிறது. கம்ப்ரஷன் பேக்கிங் க்யூப் (துணியை அமுக்கி வைக்கும் ஜிப் பை) வாங்கினால் 60 சதவீதம் இடம் மிச்சம், இரண்டு பெட்டிச் சாமான் ஒரே பெட்டியில் அடங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். ஆறு பை உள்ள செட்டை வாங்கலாமா? பட்டுப்புடவைகளையும் அதில் வைக்கலாமா? ஏஜென்ட் கோவை–சென்னைக்குத் தனியாகவும், சென்னை–நியூவார்க்குக்குத் தனியாகவும் டிக்கெட் போட்டிருக்கிறார்.

பதில்: வாங்குங்கள் அம்மா. ஆனால் ஆறு வேண்டாம், இரண்டு போதும். பட்டுப்புடவை அதில் வேண்டவே வேண்டாம். உங்கள் கேள்வியில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பையில் வித்தை ஒன்றும் இல்லை. சுற்றிலும் இரண்டு ஜிப் இருக்கும். முதல் ஜிப் பையை மூடும். இரண்டாவது ஜிப்பை இழுத்தால் பையின் உயரம் குறைந்து, உள்ளே இருக்கும் துணி அமுங்கும். அமுங்குவது துணிக்கு நடுவில் இருக்கும் காற்று. அதனால் எந்தத் துணியில் காற்று அதிகமோ அதில்தான் இடம் மிச்சமாகும். போன வாரம் வீட்டு மேசையில் வைத்து அளந்து பார்த்தேன். மூன்று ஸ்வெட்டரும் இரண்டு கம்பளிச் சால்வையும் போட்ட பை 14 சென்டிமீட்டர் உயரம் இருந்தது, ஜிப்பை இழுத்ததும் 8 ஆனது. அதே பையில் நான்கு ஜீன்ஸ் வைத்தேன். 12 இருந்தது, 11 ஆனது. அவ்வளவுதான். கடைக்காரர் சொல்லும் 60 சதவீதம் ஸ்வெட்டருக்கே வரவில்லை, வேட்டிக்கும் பேன்ட்டுக்கும் எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ஸ்வெட்டர் அமுங்கினாலும் அதன் எடை ஒரு கிராம்கூடக் குறையாது. பையின் எடை வேறு கூடும். ஒரு பை சுமார் 100 கிராம் என்றால், ஆறு பைக்கு அரை கிலோவுக்கு மேல் போய்விடும்.

விமான நிலைய செக்-இன் கவுண்டரில் 22 வருடம் நின்றவன் நான். பெட்டியில் இடம் இல்லை என்று யாரும் அங்கே அழுது பார்த்ததில்லை. எடை கூடிப்போய், தரையில் உட்கார்ந்து, ஊரே பார்க்கப் பெட்டியைப் பிரித்து, எதைத் திருப்பி அனுப்புவது என்று கணவனும் மனைவியும் கோபித்துக்கொண்டதைத்தான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அமெரிக்கா போகும் எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் ஒருவருக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி கிடைக்கும். விலை குறைந்த டிக்கெட்டில் ஒரே பெட்டிதான் இருக்கும், உங்கள் டிக்கெட்டில் எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 28 அங்குலப் பெட்டி வெறுமையாகவே நாலரை கிலோ இருக்கும். மிச்சம் பதினெட்டரை. புடவை, பேன்ட், பொடி, அப்பளம் என்று சாதாரணமாக அடுக்கினாலே அந்தப் பெட்டி நிறையும்போது 23-ஐத் தொட்டுவிடும். அதில் க்யூப் போட்டு இன்னும் இடம் பண்ணினால், அந்த இடத்தை நீங்கள் சும்மா விடுவீர்களா? ஒரு ஊறுகாய் பாட்டில் ஏறும், அப்புறம் 27 கிலோ ஆகும்.

ஆக, உங்களுக்கு எதற்குத்தான் க்யூப்? குளிருக்கான கனத்த கோட்டுகளைக் கோவையில் வாங்கிச் சுமக்காதீர்கள், அங்கே மகள் வீட்டிலேயே இருக்கும், இல்லாவிட்டால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். போகும்போது ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் உடம்பில் இருக்கட்டும். குழந்தைக்கு என்று பழைய பருத்திப் புடவையை மடித்துத் தைத்த மெத்தை, நைந்த வேட்டித் துணி எல்லாம் எடுத்துப் போவீர்கள் இல்லையா? அவை எடை குறைவு, இடம் அதிகம். க்யூப் அவற்றுக்கென்றே செய்ததுபோல இருக்கும். இன்னொரு பையில் உள்ளாடை, நைட்டி, துண்டு, தெர்மல். முடிந்தது.

அந்தப் பைகளில் சாம்பார் பொடியை மட்டும் வைத்துவிடாதீர்கள். அழுத்தத்தில் பாக்கெட்டின் ஒட்டு பிரிந்து, குழந்தைத் துணி முழுக்க மஞ்சளும் மிளகாயும் அப்பிப் போன பெட்டியை என் கையாலேயே திறந்து பார்த்திருக்கிறேன். பவர் பேங்க் எந்தச் செக்-இன் பெட்டியிலும் கூடாது, கைப்பையில்தான். கறிவேப்பிலையைத் துணிக்கு நடுவில் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை, வேண்டாம்.

பட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போனால் சரிசெய்ய முடியாத சாமான் உங்கள் பெட்டியில் இது ஒன்றுதான். காஞ்சிபுரம் பட்டில் இருக்கும் சரிகை சாதாரண நூல் அல்ல. பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். துணி மடியும், கம்பி மடிந்தால் உடையும். பீரோவில் தளர்வாக மடித்து வைத்த புடவையிலேயே வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் சரிகை விட்டுப்போவதைப் பார்த்திருப்பீர்கள். க்யூபில் வைத்து இரண்டாவது ஜிப்பை இழுத்தால், அந்த மடிப்பின் மேல் ஒன்றரை நாள் பாரம் ஏற்றுகிறீர்கள், அதற்கும் மேல் மற்றப் பெட்டிகள் அடுக்கப்படும். அதனால் பட்டைப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி, சரிகை சரிகையோடு உரசாமல் நடுவில் துணி வைத்து, பெட்டியின் மேல்தட்டில் படுக்கையாக வையுங்கள். மடிப்பதற்குப் பதில் காலண்டர் மாதிரி ஒரு காகிதக் குழாயில் சுருட்டினால் இன்னும் நல்லது. சரிகை இல்லாத மெல்லிய சாஃப்ட் சில்க் என்றால் க்யூபில் வைக்கலாம், ஆனால் முதல் ஜிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரி வேலையும் மணியும் வைத்த ரவிக்கைக்கு அதுவும் கூடாது, மணி அமுங்கிப் பக்கத்துத் துணியைக் கிழிக்கும். போய்ச் சேர்ந்த அன்றே பட்டை எடுத்து உதறி, வேறு மடிப்பில் மடித்து வைத்துவிடுங்கள். வளைகாப்புக்கும் பெயர் சூட்டுவதற்கும் சேர்த்து இரண்டு பட்டு போதாதா?

கடையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண பேக்கிங் க்யூபுக்குக் கம்ப்ரஷன் என்று சீட்டு ஒட்டி இரட்டை விலைக்கு விற்பது இப்போது சர்வ சாதாரணம். பையின் பக்கவாட்டில் இரண்டு ஜிப் வரிசை சுற்றி ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால் அது வெறும் துணிப் பை, அமுக்காது. ஆன்லைனில் வாங்குவதானால் தயாரித்த நாடு எது என்று விற்பனைப் பக்கத்திலேயே போட்டிருக்க வேண்டும், 2020 முதல் அது சட்டம். ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நிரப்பினால் பந்து மாதிரி உருண்டு பெட்டியின் மூலைகளை வீணாக்கும். ஜிப்பை இழுக்கும்போது ரன்னரால் துணியை அமுக்கப் பார்க்கக் கூடாது. ஒரு கையால் பையைத் தட்டையாக அமுக்கிக்கொண்டு, மறு கையால் ரன்னரை மெதுவாக நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ரன்னரின் வாய் அகன்றுபோய், பின்னாலேயே பல் பிரிந்துகொண்டு வரும்.

காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் வாக்குவம் பை வேண்டாம். அமெரிக்க விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்து அதையும் பிரித்தால், உள்ளே இருப்பதெல்லாம் உப்பிவிடும், அப்புறம் பெட்டி மூடாது. க்யூப் என்றால் திறந்து பார்த்துவிட்டு ஜிப்பை இழுத்துவிடலாம்.

இப்போது அந்தத் தனித்தனி டிக்கெட். கோவை–சென்னை உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு ஆளுக்கு 15 கிலோ செக்-இன், இருவருக்கு 30. நீங்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோவது ஆளுக்கு இரண்டு பெட்டி, நான்கு பெட்டிக்கு 92 கிலோ. மிச்சம் 62 கிலோவுக்குக் கோவை கவுண்டரில் பணம் கட்டச் சொல்வார்கள். கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 31,000 ரூபாய். எவ்வளவு அமுக்கினாலும் இது குறையாது. "அமெரிக்கா டிக்கெட்டைக் காட்டுங்கள், விட்டுவிடுவார்கள்" என்று ஏஜென்ட் சொல்லுவார். அந்த வார்த்தையை நம்பி வந்து நின்ற வயதானவர்களிடம், விதி இதுதான் என்று சொல்ல வேண்டிய வேலையை வருடக்கணக்கில் செய்தவன் நான். அந்த நேரத்தில் ஏஜென்ட் போனை எடுத்து நான் பார்த்ததே இல்லை.

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆரில் இருந்தால் கதையே வேறு. அமெரிக்கா செல்லும் ஒரே டிக்கெட்டில் பயணம் முழுவதற்கும் ஒரே லக்கேஜ் விதிதான் பொருந்த வேண்டும் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி. கோவையிலேயே 23 கிலோ பெட்டிகளைப் போட்டுவிடலாம். இதை ஏஜென்ட் ஏன் சொல்வதில்லை? பிரித்துப் போட்டால் விலை குறைவாகத் தெரியும், வியாபாரம் முடியும். டிக்கெட்டிலாவது தெளிவாகப் போடுகிறார்களா என்றால், எத்தனை கிலோ என்பதைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில், இரண்டு எழுத்துச் சுருக்கத்தில் போடுகிறார்கள். 65 வயதுக்காரர்கள் எப்படிப் படிப்பார்கள்? ஒரு டிக்கெட்டில் பெரிய எழுத்தில் "15 கிலோ" என்று அச்சடிக்க இத்தனை வருடமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை.

இன்றே ஏஜென்டிடம் பேசுங்கள். ஒரே டிக்கெட்டாக மாற்ற முடியுமா, மாற்றினால் எவ்வளவு கூடும் என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் கோவை–சென்னை விமானத்தை விட்டுவிட்டு, முந்தின இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏசி இரண்டடுக்கில் வாருங்கள். அதில் ஒருவருக்கு 50 கிலோ வரை இலவசம். மூன்றடுக்கு என்றால் 40 தான், உங்கள் பெட்டிகளுக்குப் போதாது. ரயில் தாமதமானாலும் பதறாமல் இருக்க, சென்னையில் ஒரு பகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த ஆறு பை செட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருப்பதை வைத்து ஒரு தொங்கு தராசு வாங்கிவிடுங்கள், பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்ப்பது. பெட்டியை மூடிய பிறகு எடை பாருங்கள், 22 வந்ததும் நிறுத்திவிடுங்கள். வீட்டுத் தராசுக்கும் கவுண்டர் தராசுக்கும் அரை கிலோ வித்தியாசம் வரத்தான் செய்யும்.