பார்மட் கேட்கும் ஹார்டு டிஸ்க்: முதலில் நகல், பிறகுதான் பழுது

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டுப் பழைய பேரேடுகள், இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் பங்காளிகள் சேர்ந்து ஸ்கேன் செய்து, 2 டிபி வெளி ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தோம். காப்பி ஓடும்போது இடி இடித்து கரண்ட் போனது. இப்போது செருகினால் ‘பார்மட் செய்யவா’ என்று கேட்கிறது. சில நேரம் கணினியே ஹேங் ஆகிறது. விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டலாம் என்கிறார் கடைக்காரர். ஓட்டலாமா?

பதில்: கூடாது. பார்மட் கேட்பது கோப்பு முறைமைக் கோளாறு. கணினி ஹேங் ஆவதோ, டிஸ்கில் படிக்க முடியாத செக்டர்கள் (தகவல் பதியும் சிறு பகுதிகள்) இருப்பதற்கான அடையாளம். செக்டிஸ்க் இரண்டாவதைச் சரிசெய்யாது. படிக்க முடியாத எம்எஃப்டி (டிஸ்கின் கோப்பு அட்டவணை) பதிவுகளைக் கெட்டதென்று கழித்துவிட்டு, எஞ்சியதை பெயரில்லாத துண்டுகளாக ‘ஃபவுண்ட்.000’ ஃபோல்டரில் கொட்டும். அதுவும் அதே டிஸ்கில் எழுதியபடி. அதன்பின் மீட்பு இரட்டிப்புக் கடினம்.

முதலில் காதைக் கொடுங்கள். ஒரே சீராக டிக், டிக் என்று அடித்தால், வேறு கேபிளில், கணினியின் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் ஒரே ஒரு முறை பாருங்கள். மின்சாரம் போதாவிட்டாலும் சின்ன டிஸ்குகள் இப்படி அடிக்கும். அப்படியும் நிற்காவிட்டால் டிஸ்கைப் படிக்கும் முனையான ஹெட் போயிருக்கிறது. உடனே கழற்றி, தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். மூடியைத் திறப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது எல்லாம் டிஸ்கைக் கொல்லும் வழிகள்.

சத்தம் இல்லையென்றால் வீட்டிலேயே முயலலாம். விண்டோஸில் மட்டும் திரும்பத் திரும்பச் செருகாதீர்கள். பென் டிரைவிலிருந்து சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸில் கணினியைத் தொடங்குங்கள். டிடிரெஸ்க்யூ (நகலெடுக்க), டெஸ்ட்டிஸ்க் (பார்ட்டிஷனை மீட்க), போட்டோரெக் (கோப்புகளைத் தேடி எடுக்க) மூன்றும் அதிலேயே உண்டு. நகலுக்கு 4 டிபி டிஸ்க் ஒன்று வேண்டும். பழைய டிஸ்க் முழுவதும் அதில் ஒரே பெரிய கோப்பாக நகலாகும். அதனால் அது ஃபேட்32 முறையில் பார்மட் ஆனதாக இருக்கக் கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது. எது பழையது, எது புதியது என்பதை டிஸ்கின் அளவையும் சீரியல் எண்ணையும் வைத்து இருமுறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் மீட்க ஒன்றும் மிஞ்சாது.

டிடிரெஸ்க்யூவின் முதல் சுற்றில், கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகும் தெரிவைக் கொடுங்கள். நல்ல பகுதி முழுவதும் டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே வந்துவிடும். அடுத்த சுற்றில் விட்டுப்போன இடங்களை மூன்று முறை வரை முயலச் சொல்லலாம். நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 2 டிபிக்கு ஐந்தரை மணி நேரம். கெட்ட டிஸ்க் நாள்கணக்கில் இழுக்கும். எதுவரை படித்தாயிற்று என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் ஃபைலைக் கட்டாயம் புதிய டிஸ்கிலேயே வையுங்கள். பென் டிரைவ் லினக்ஸில் விட்டால் அது நினைவகத்தில்தான் இருக்கும், கரண்ட் போனால் கூடவே போகும். மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப்பில் ஓட்டுவது மேல். சூடேறாமல் பக்கத்தில் ஒரு ஃபேனும் ஓடட்டும்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றி எடுத்து வையுங்கள். இனி வேலையெல்லாம் நகலில். டெஸ்ட்டிஸ்கில் பார்ட்டிஷனைத் திறந்தால் கோப்புகள் பெயரோடு தெரியக்கூடும். தெரிந்தால் எதையும் சரிசெய்ய வேண்டாம், அப்படியே வெளியே காப்பி எடுங்கள். தெரியாவிட்டால் பார்ட்டிஷனின் முதல் செக்டரான பூட் செக்டர் போயிருக்கலாம். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் அதன் மறுபிரதியைப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கிறது; அதை முன்னுக்குக் கொண்டுவர டெஸ்ட்டிஸ்கிலேயே வழி உண்டு. போட்டோரெக் கடைசிப் புகலிடம். படங்கள் வரும், பெயரும் ஃபோல்டரும் வராது. ஆயிரக்கணக்கான பேரேட்டுப் பக்கங்களில் எது எந்த வீட்டுடையது என்று பிறகு யார் பிரிப்பது?

படிக்க முடியாத இடங்கள் நகலில் வெறும் பூஜ்யமாக நிற்கும். சுருக்கப்படாத டிஃப் படத்தில் அது ஒரு கறுப்புப் பட்டையோடு போகும். ஜேபெக் அந்த இடத்திலிருந்து கீழே சிதைந்துவிடும். கோப்பு திறக்கிறது என்பதை வைத்து முழுசாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். எல்லாச் சுற்றும் முடிந்தபின், கோப்புகளை வெளியே எடுக்குமுன், டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் வசதியால் நகலில் அந்த இடங்களில் ஓர் அடையாளச் சொல்லை எழுதவையுங்கள். பிறகு கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடினால், பழுதானவற்றின் பட்டியல் கிடைத்துவிடும். மூலத் தாள்கள் பங்காளிகளிடம் இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும்.