19 நிமிடத்திலேயே நிற்கும் ஆற்றுப்பாலப் புதிர்

இருட்டில் பாலம் கடக்க நான்கு பேர், ஒரே டார்ச், அது இல்லாமல் கடக்க முடியாது. ஒரு தடவைக்கு இருவர்தான், ஜோடியாகப் போனால் மெதுவானவரின் நேரமே ஆகும். தனியாகக் கடக்க முறையே 1, 2, 5, 10 நிமிடம் எடுக்கும் இவர்கள் எல்லோரும் 17 நிமிடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். உங்களுக்கு 19 வருகிறது என்கிறீர்கள்.

எல்லோரையும் 1 நிமிடக்காரரே கூட்டிப்போவதுதான் சிக்கல். 5-ஐயும் 10-ஐயும் ஜோடியாக அனுப்பினால் அந்த 5 நிமிடம் 10-க்குள் அடங்கிவிடும். ஆனால் டார்ச்சைத் திருப்பிக் கொண்டுவர, அக்கரையில் முன்கூட்டியே ஒரு வேகமான ஆள் வேண்டுமே! அதனால் முதலில் 1-ம் 2-ம் போகட்டும் (2 நிமிடம்). 1 திரும்பட்டும் (3). அப்புறம் 5-ம் 10-ம் (13). 2 டார்ச்சோடு வரட்டும் (15). மறுபடி 1-ம் 2-ம் போனால் 17.

எண்கள் மாறினால் கவனம்: 2-க்குப் பதில் 4 நிமிடக்காரர் என்றால் இந்த வழிக்கு 23 ஆகும், உங்கள் பழைய வழிக்கு 21தான்.