கார் சாவி: தொலைத்தவர்களும் உடைத்தவர்களும் கேட்டவை

மதுரையில் கார் சாவி, பூட்டு வேலை பார்க்கிறேன். சாவி சம்பந்தமாக என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வண்டியின் மாடலும் வருடமும் சொல்லாமல் "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த இரண்டும் தெரியாமல் விலை சொல்பவரிடம் நீங்களும் உஷாராக இருங்கள்.

செந்தில், திண்டுக்கல்: அண்ணே, 2016 ஸ்விஃப்ட். இருந்த ஒரே சாவியையும் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன். வண்டி தெருவில் நிற்கிறது. பூட்டுக் கடைக்காரர் "கதவைத் திறந்து தருகிறேன், ஆனால் ஸ்டார்ட் ஆகாது" என்கிறார். அப்பாவின் பழைய மாருதி 800-க்கு நின்ற இடத்திலேயே சாவி போட்டுக் கொடுத்தார்களே?

அந்தக் காலத்து வண்டிக்குச் சாவி என்றால் வெறும் இரும்புதான் தம்பி. பல் சரியாக விழுந்தால் வண்டி ஓடும். உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி 'காயில்' என்று ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவியைப் போட்டுத் திருப்பியதும் அந்தக் காயில்தான் சிப்புக்கு உயிர் கொடுக்கிறது. சிப் தன் அடையாளத்தைச் சொல்லும், வண்டியில் திருட்டைத் தடுக்க வைத்திருக்கும் இம்மொபிலைசர் அதைத் தன் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகவில்லை என்றால் இன்ஜின் ஓட அனுமதி கிடைக்காது. சில வண்டி கிளம்பவே கிளம்பாது, சிலது ஓரிரு விநாடி ஓடி அணைந்துவிடும். மாருதி இதை 'ஐகேட்ஸ்' என்று பெயர் வைத்து விற்றது.

ஆகவே உங்களுக்கு வேலை இரண்டு. பல் வெட்டுவது ஒன்று, புது சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்துவது இன்னொன்று. வண்டி வாங்கும்போது சாவிக் கொத்தோடு ஒரு சின்ன உலோகத் தகடு வந்திருக்கும், அதில் எண் இருக்கும். வீட்டில் தேடுங்கள். அது கிடைத்தால் பழைய சாவி இல்லாமலேயே அச்சு அசலாகப் பல் வெட்டலாம். கிடைக்காவிட்டால் கதவுப் பூட்டைப் படித்து வெட்ட வேண்டும், அதுவும் முடியும். சிப் வேலைக்கு டேஷ்போர்டுக்குக் கீழே, வண்டியின் கணினியோடு பேசுவதற்கென்று இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியை மாட்டுவார்கள். சில மாடலுக்கு கம்பெனியின் ரகசிய எண்ணும் (PIN) தேவைப்படும்.

வண்டியை ஏற்றிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். கருவி வைத்திருப்பவர் வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார். ஆனால் ஆர்.சி.யும் உங்கள் அடையாள அட்டையும் கேட்காமல் வேலையைத் தொடங்குபவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்களிடம் கேட்காதவர் நாளை உங்கள் வண்டிக்கு இன்னொருவர் வந்து சாவி கேட்டாலும் கேட்க மாட்டார்.

மீனா, திருச்சி: எங்களிடம் ஒரு சாவி நன்றாக வேலை செய்கிறது. இரண்டாவது காணாமல் போய் ரொம்ப நாள் ஆயிற்று. இப்போது அவசரமாகப் போட வேண்டுமா, இருப்பது தொலைந்த பிறகு பார்க்கலாமா?

இன்றைக்கே போடுங்கள் மேடம். இங்கே வந்த கேள்விகளில் பாதி, இதைத் தள்ளிப்போட்டவர்கள் கேட்டது. கையில் ஓடும் சாவி ஒன்று இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது சுலபம். ஒன்றுமே இல்லையென்றால் வேலை கூடும், நாள் கூடும், செலவும் கூடும். சில மாடலில் கம்பெனி சர்வீஸ் சென்டரே "பூட்டு செட் மொத்தமும் மாற்றணும்" என்று சொல்லிவிடும்.

உத்தேசமாகச் சொன்னால் ரிமோட் இல்லாத சிப் சாவி வெளியில் 1,500 முதல் 3,000 ரூபாய். ரிமோட் சேர்ந்த, மடக்கி வைக்கும் ஃபிளிப் சாவி 3,000 முதல் 6,000. பட்டன் ஸ்டார்ட் வண்டியின் ஸ்மார்ட் கீ 8,000-இல் தொடங்கி 15,000-க்கு மேலும் போகும். ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும்.

கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: "குளோன் போடுகிறீர்களா, புதிதாகப் பதிவு செய்கிறீர்களா?" குளோன் என்றால் இருக்கும் சிப்பின் நகல். வண்டிக்கு இரண்டும் ஒரே சாவியாகத்தான் தெரியும். மலிவு, வேலையும் செய்யும். ஆனால் பின்னால் ஒன்று தொலைந்து அதை நீக்கப் போனால் இரண்டும் சேர்ந்து செத்துவிடும். பதிவு என்றால் புது சிப்பை வண்டிக்குத் தனிச் சாவியாக அறிமுகப்படுத்துவது. நான் அதையே சொல்வேன்.

ராஜா, தூத்துக்குடி: தொலைந்த சாவியை எடுத்தவன் வண்டியைக் கொண்டுபோய்விட மாட்டானா?

வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தவன் கையில் கிடைத்தால் ஆபத்துதான். புதுச் சாவி போடும்போதே பழைய பதிவுகளை அழிக்கச் சொல்லுங்கள். அழித்துவிட்டால் அந்தச் சாவியால் ஸ்டார்ட் ஆகாது. ஆனால் அதன் இரும்புப் பல் அப்படியேதானே இருக்கும்? கதவு திறக்கும். உள்ளே லேப்டாப், பணம் எதுவும் வைக்காதீர்கள். வீட்டு விலாசம் எழுதிய அட்டையைச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்து அதோடு தொலைத்திருந்தால், யோசிக்காமல் பூட்டையே மாற்றிவிடுங்கள்.

பாலா, கோயம்புத்தூர்: சாவி இக்னிஷனிலேயே உடைந்துவிட்டது. தலை கையில், பல் உள்ளே. ஃபெவிக்விக் போட்டு ஒட்டி இழுக்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.

நண்பரை வண்டிப் பக்கமே விடாதீர்கள். பசை பூட்டுக்குள் இருக்கும் தகடுகளில் வழிந்தால் சாவி வேலை பூட்டு வேலையாகிவிடும். கையில் இருக்கும் பாதியை வைத்துக் குத்தவும் கூடாது, உள்ளே இருப்பது இன்னும் ஆழமாகப் போகும்.

முதலில் பூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். சாவியை வழக்கமாக உருவும் நிலையில் இருந்தால்தான் உள்ளே இருக்கும் துண்டு வெளியே வரும். பாதி திரும்பிய நிலையில் எவ்வளவு இழுத்தாலும் தகடுகள் விடாது. சரியான நிலையில் இருந்தால் துளி லூப்ரிகன்ட் ஸ்ப்ரே அடித்துவிட்டு, மெல்லிய ரம்ப பிளேடைச் சாவியின் பல்லோரமாக நுழைத்து, கொக்கி மாட்டுவதுபோல் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். துண்டின் நுனி வெளியே தெரிந்தால் நீங்களே முயலலாம். தெரியவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

இரண்டு துண்டையும் பத்திரமாக வையுங்கள். சேர்த்து வைத்துப் பார்த்தே புதுப் பல் வெட்டிவிடலாம். தலையில் இருக்கும் சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அதனால் வண்டியில் பதிவு செய்யும் செலவே வராது. சாவி தானாக உடைவது அபூர்வம். பெயின்ட் டப்பா மூடியை நெம்புவது, கொத்தில் வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, பித்தளைப் பிள்ளையார் எல்லாம் தொங்குவது, இதெல்லாம்தான் உடைக்கும். ஏற்கெனவே தேய்ந்த சாவியாக இருந்தால் அதைப் பார்த்து வெட்டாமல் சாவிக் கொத்தோடு வந்த தகட்டின் எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள். தேய்மானத்துக்கும் சேர்த்து நகல் எடுப்பானேன்?

இம்ரான், வாணியம்பாடி: ஆன்லைனில் சாவிக்கூடு வாங்கி நானே மாற்றினேன். ரிமோட்டில் கதவு திறக்கிறது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. டேஷ்போர்டில் சாவி படம் மின்னுகிறது.

பழைய கூட்டைக் குப்பையில் போடவில்லை அல்லவா? அதைத் திறந்து ஓரத்தில் பாருங்கள். கறுப்பாக ஆப்பு வடிவத்திலோ, அரிசி மணி அளவுக்குக் கண்ணாடிக் குழாயாகவோ ஒன்று செருகியிருக்கும். அதுதான் சிப். ரிமோட் போர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டீர்கள். எடுத்துப் புதுக்கூட்டில் அதே இடத்தில் வையுங்கள், கிளம்பிவிடும். கண்ணாடிச் சிப்பை இடுக்கியால் அழுத்திப் பிடிக்காதீர்கள். சில மாடலில் சிப் போர்டிலேயே ஒட்டியிருக்கும், அதில் இந்தக் குழப்பம் வராது.

கவிதா, சென்னை: சட்டைப் பையோடு சாவி வாஷிங் மெஷினுக்குப் போய்விட்டது. அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அரிசியைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திறந்து பேட்டரியை எடுங்கள், அதுவரை எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டாம். சோப்பு நீர் காய்ந்தால் உப்புப் பூத்துவிடும். அதனால் போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். புது பேட்டரி போடும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் எண்ணையே பார்த்து வாங்குங்கள். சி.ஆர்.2032, 2025, 1620 எல்லாமே 3 வோல்ட்தான், அளவுதான் வேறு. ரிமோட் போனாலும் சாவியைத் திருகி ஓட்டும் வண்டியென்றால் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். சிப் மூடி சீல் செய்த பொருள்.

பிரபு, ஓசூர்: பையன் மாடியில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தி விளையாடிக்கொண்டே இருந்தான். இப்போது ரிமோட் வேலை செய்யவில்லை.

முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அவனே காலி செய்திருக்கலாம். அப்படியும் சரியாகவில்லை என்றால் எண் விலகியிருக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ரிமோட் வேறு எண்ணை அனுப்புகிறது, திருடன் பதிவு செய்து திரும்ப அனுப்ப முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வண்டிக்கு எட்டாத தூரத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் ரிமோட் எங்கேயோ முன்னே போய்விடும். ஓரளவு வரைதான் வண்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். திரும்பச் சேர்க்கும் முறை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் இக்னிஷனை ஆன் செய்து ரிமோட்டை அழுத்தும் சின்ன வேலைதான்.

பெயர் வேண்டாம், சேலம்: இரண்டு வயதுக் குழந்தை உள்ளே, சாவியும் உள்ளே, கதவு பூட்டிக்கொண்டது. கடைசியில் எப்படியோ திறந்துவிட்டோம். இனி இப்படி நடந்தால்?

சாவிக்காரர் வரும்வரை காத்திருக்காதீர்கள். வெயிலில் நிற்கும் கார் மளமளவென்று சூடேறும். ஒருவர் 112-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் குழந்தை இருக்கும் இடத்துக்குத் தூரமான பக்கக் கண்ணாடியை ஓரத்தில் ஓங்கி அடிக்கட்டும், ஜாக்கி லீவர், கல் எதுவானாலும் சரி. பக்கக் கண்ணாடி சிறு துணுக்குகளாக உதிரும். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது, விரிசல்தான் விடும், அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கண்ணாடியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்ரீராம், தஞ்சாவூர்: பட்டன் ஸ்டார்ட் வண்டி. சாவி பேட்டரி நடுவழியில் தீர்ந்தால் அவ்வளவுதானா?

இல்லை சார். சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், பக்கத்துப் பொத்தானைத் தள்ளி உருவுங்கள். கதவு கைப்பிடியில் துவாரம் தெரியவில்லை என்றால் சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும். உள்ளே போய் பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி வைத்து அழுத்துங்கள். பேட்டரி இல்லாமலேயே சிப்பைப் படித்துவிடும். சில மாடலில் சாவியை வைக்க வேண்டிய இடம் கப் ஹோல்டரிலோ கன்சோலிலோ இருக்கும். வண்டி வாங்கிய அன்றே கையேட்டில் இதைப் பார்த்து வையுங்கள்.

ஜெயந்தி, நாகர்கோவில்: சாவி தொலைந்தால் இன்ஷூரன்ஸில் பணம் வருமா?

வெறும் பாலிசியில் பொதுவாக வராது, சாவிக்கென்று தனியாகக் கூடுதல் காப்பு (ஆட்-ஆன்) எடுத்திருக்க வேண்டும். பணத்தைவிடப் பெரிய விஷயம் வேறு. பின்னால் வண்டியே திருடு போனால் கம்பெனி முதலில் கேட்பது "இரண்டு ஒரிஜினல் சாவியும் எங்கே?" என்றுதான். ஒன்றைக் காட்ட முடியாவிட்டால், சாவியை வண்டியிலேயே விட்டீர்களா என்று கேள்விமேல் கேள்வி வரும். ஆகவே தொலைந்த உடனே ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். புதுச் சாவி போட்ட பில்லையும் அதோடு சேர்த்து வையுங்கள். பழைய கார் வாங்குபவர்களுக்கும் இதுதான். இரண்டு சாவியும் இல்லாமல் கைமாற்றாதீர்கள். ஒன்றுதான் என்றால் விலையில் குறையுங்கள், வாங்கியதும் பழைய பதிவுகளை அழித்துப் புதிதாகப் பதியுங்கள்.

மணி, கரூர்: செவர்லே பீட் வைத்திருக்கிறேன். கம்பெனியே போய்விட்டதே, சாவி கிடைக்குமா?

செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது உண்மைதான். ஆனால் சிப்பும் வெற்றுச் சாவியும் வெளிச்சந்தையில் கிடைக்கின்றன. உங்கள் மாடலில் வேலை செய்து பழகியவரா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நிரோஷன், யாழ்ப்பாணம்: அண்ணா, ஜப்பானில இருந்து வந்த பாவிச்ச வாகன் ஆர். ஒரு திறப்புத்தான் (சாவிதான்) வந்தது. இந்தியாவில இருந்து வாகன் ஆர் ரிமோட் ஒன்று எடுப்பித்தால் பொருந்துமா?

பெயர் ஒன்றுதான் தம்பி, வண்டி வேறு. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த வண்டியின் ரிமோட் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் பேசும், இந்தியாவில் விற்கும் ரிமோட் 433-இல். ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. காசை அனுப்பிவிடாதீர்கள். ஜப்பான் வண்டிக்கான திறப்பையே அங்கே பதிந்து தரும் ஆளிடம் கேளுங்கள், இருக்கும் ஒன்றும் நல்லபடி வேலை செய்யும்போதே.

சுரேஷ், மதுரை: சாவி போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. புதுச் சாவி போடணுமா?

ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்புங்கள், ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கும். அப்படியும் திரும்பாவிட்டால் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் முதல் சாவி தேய்ந்துவிட்டது. இரண்டுமே திரும்பாவிட்டால் பூட்டில்தான் கோளாறு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.