பழைய ஸ்டீரியோ ஆம்ப்: வாங்கலாமா, விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1970-களின் கடைசியில் வந்த ஜப்பான் இன்டகிரேட்டட் ஆம்ப் (ப்ரீ பகுதியும் பவர் பகுதியும் ஒரே பெட்டியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று விலைக்கு வருகிறது. "நல்லா பாடும், வால்யூமைத் திருகினா கரகரக்கும், இடது பக்கம் அப்பப்போ போய்ப் போய் வரும்" என்கிறார் விற்பவர். நேரில் வந்து பார்க்கலாமாம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: அவர் சொன்ன இரண்டு குறைகளுக்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். கரகரப்பு, வால்யூம் கன்ட்ரோலுக்குள் தூசும் ஆக்சைடும் படிவதால் வருவது. கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 30 தடவை திருகினால் பெரும்பாலும் போய்விடும். பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். பிசுக்குத் தங்கி, மறுபடி தூசியைப் பிடிக்கும்.

இடது பக்கம் போய் வருவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். ஒலி போயிருக்கும்போது ஒரு நொடி வால்யூமை ஏற்றுங்கள். பட்டென்று திரும்பி வந்து, குறைத்த பிறகும் நின்றால் ஸ்பீக்கர் ரிலேயின் (ஸ்பீக்கரை ஆம்போடு தானாக இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) முனைகள் கறுத்திருக்க வாய்ப்பு அதிகம். ரிலேயை மாற்றிவிடலாம். முனைகளை உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்விடும், சில மாதத்தில் பழைய கதைதான். எந்தக் கருவியின் ஒலி வர வேண்டும் என்று தேர்வு செய்யும் செலக்டரையோ, டேப் ரிக்கார்டரின் ஒலிக்கு மாற்றும் டேப் மானிட்டர் ஸ்விட்சையோ லேசாக அசைத்ததும் ஒலி வந்தால் கோளாறு அந்த ஸ்விட்சில். சுத்தம் செய்தால் போதும். ஆனால் வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் அந்தப் பக்கம் சடசடவென்று பொரிந்தால் சங்கதி வேறு. சத்தம் வால்யூமுக்குப் பின்னால், பவர் பகுதியில் பிறக்கிறது. முதல் கட்டத்துச் சின்ன டிரான்சிஸ்டர்கள் வயதானால் இப்படிப் பொரியும். சரிசெய்யலாம், ஆனால் கைதேர்ந்தவர் வேண்டும்.

போகும்போது மல்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூடிரைவர், போனிலிருந்து பாட்டு கொடுக்க ஒரு கேபிள், போனாலும் பரவாயில்லை என்று ஒரு ஜோடிச் சின்ன ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நல்ல ஸ்பீக்கரை முதல் நாளே மாட்டாதீர்கள்.

பிளக்கைச் சொருகும் முன்னால் பின்பலகையில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். ஜப்பானுக்குள் விற்ற பெட்டி 100 வோல்ட், அமெரிக்காவுக்குப் போனது 120. அதை 230-ல் சொருகினால் ஒரு நல்ல டிரான்ஸ்ஃபார்மரைக் கண்ணெதிரே கொன்றதாகிவிடும். வோல்டேஜ் மாற்றும் குமிழ் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள்.

மூடியைத் திறக்க விடுகிறாரா என்று கேளுங்கள். மறுத்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 30 முதல் 60 வோல்ட்வரை தங்கியிருக்கும், விரலை உள்ளே விடக் கூடாது. தலை உப்பிய கெப்பாசிட்டர், கசிவு, கருகிய ரெசிஸ்டர் கண்ணுக்கே தெரியும். பலரும் கவனிக்காமல் விடுவது பசையை. பெரிய பாகங்கள் ஆடாமலிருக்க அந்தக் காலத்தில் வெளிர் மஞ்சள் பசை வைத்தார்கள். அது சூட்டில் பழுப்பாகிக் கறுத்தால் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், பக்கத்திலுள்ள பாகங்களின் கால்களையும் அரிக்கும். இன்னும் வெளிறி இருந்தால் பயமில்லை. பழுப்பாக இருந்தால் மொத்தமும் சுரண்டி எடுக்கிற வேலை காத்திருக்கிறது. ஃப்யூஸையும் பாருங்கள். போர்டில் 5 ஆம்பியர் என்று அச்சிட்ட இடத்தில் 10 ஆம்பியரோ, சுற்றிய கம்பியோ இருந்தால் யாரோ ஒரு கோளாறை மறைத்திருக்கிறார்கள்.

நெடுநாள் சும்மா கிடந்த பெட்டியானால் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் (மின்சாரம் பல்பின் வழியாகவே ஆம்புக்குப் போகும்படி) போட்டு ஆன் செய்வதே பத்திரம். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும். மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட், அத்துடன் நிறுத்திவிடுங்கள். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுங்கள். சில நொடியில் ரிலே 'டக்' என்று விழும். விழவே இல்லையென்றால், பாதுகாப்புச் சுற்று எதையோ தடுக்கிறது அல்லது அதுவே பழுது.

அடுத்ததுதான் முடிவைத் தரும் சோதனை. ஸ்பீக்கர் மாட்டாமல், ஸ்பீக்கர் ஸ்விட்ச் ஆனில், வால்யூம் பூஜ்யத்தில் இருக்க, மீட்டரை டிசியில் வைத்து ஒவ்வொரு பக்கத்து சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு நடுவே அளவெடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் எதுவோ விலகியிருக்கிறது. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கர் காயில் கருகும். 20 நிமிடம் ஓடி, சூடேறிய பின் மறுபடி அளவெடுங்கள்; குளிரில் 15, சூட்டில் 120 என்று ஏறும் பெட்டிகள் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் வெளியே தெரியும்படி தனித்தனி ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இருந்தால் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதித்து மற்றது ஜில்லென்று இருந்தால் பயாஸ் (ஒலி இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டர்களில் ஓட வைக்கும் சிறு மின்சாரம்) சரியில்லை.

வால்யூம் பூஜ்யத்திலும் 'உம்ம்' என்று ஒரே சீராக இரைந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படலாம். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் கேபிளையோ எர்த்தையோ பாருங்கள்.

கேள்வி: "சத்தமே வரவில்லை, ரிப்பேர்" என்று மலிவாகக் கிடைக்கும் ஆம்பை நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்கும் முன் இரண்டைப் பாருங்கள். டேப் மானிட்டர் பொத்தான் அழுந்தியிருந்தால் ஒலி வராது. பின்னால் ப்ரீ பகுதியின் ஒலி வெளிவரும் 'ப்ரீ அவுட்', அது பவர் பகுதிக்குள் போகும் 'மெயின் இன்' துளைகளை இணைக்கும் சின்ன ப வடிவக் கம்பிகள் தொலைந்திருந்தாலும் வராது. ஒரு சாதாரண கேபிளால் அவற்றை இணைத்தால் பெட்டி பாடத் தொடங்கலாம்.

கேள்வி: "எல்லாக் கெப்பாசிட்டரும் மாற்றியாச்சு" என்றால் கூடுதல் விலை தரலாமா?

பதில்: மாற்றியவர் கையைப் பொறுத்தது. போர்டின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் கேளுங்கள். ஈயம் ஒரே அளவில் பளபளவென்று படிந்திருக்க வேண்டும். உரிந்து எழும்பிய செப்புக் கோடுகளும், கருகிய பிசினும், ஒட்டுக் கம்பிகளும் தெரிந்தால், யாரும் தொடாத பெட்டியே மேல். புதிதாகப் போட்டவை அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி சூடு தாங்கும் தரமா என்று படியுங்கள். 6,800 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 22,000 போடுவது முன்னேற்றம் அல்ல. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு அடி விழும்.

கேள்வி: எந்த ஆம்பைத் தொடவே கூடாது?

பதில்: கெப்பாசிட்டர், ரிலே, ரெசிஸ்டர் எல்லாம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கும். கிடைக்காத பாகம் போனதுதான் ஆபத்து. கருகிய வார்னிஷ் நாற்றம் அடிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதில் முதலாவது. சான்யோவின் எஸ்டிகே வரிசை ஐசி (பவர் பகுதியை ஒரே பாகத்தில் அடக்கியது) போன பெட்டியும் அப்படித்தான். அசல் தயாரிப்பு நின்றுவிட்டது, சந்தையில் போலிகள் நிறைய. சோனி டிஏ-5650 போன்றவற்றில் வி-ஃபெட் என்ற தனி வகை டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. பயாஸ் டயோடு ஒன்று பழுதானால் அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகும், மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. நன்றாக ஓடுகிறதென்றால்கூட, அந்த டயோடை முன்கூட்டியே மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: வெறும் 20 வாட் போதுமா?

பதில்: சாதாரண அறைக்குத் தாராளம். 20-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடியதாகத் தெரியும், அவ்வளவே. 1978-ல் வந்த நாட் (NAD) 3020 ஆம்ப் வெறும் 20 வாட்டை வைத்துக்கொண்டுதான் பேர் வாங்கியது. வாட் கணக்கை நம்பும் முன் வருடத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 1974-ல் அளவீட்டு விதி வரும்வரை, உச்ச சக்தியை எல்லாம் கூட்டிப் பெரிய எண்களை அச்சிட்டார்கள். ஸ்பீக்கர் ஏ, பி இரண்டையும் சேர்த்து ஓட்டுவதாக இருந்தால் இன்னொன்று: இரண்டு 8 ஓம் ஜோடிகளை இணையாகப் போட்டால் ஆம்புக்கு அது 4 ஓம். பின்பலகையில் 'ஏ+பி: 16 ஓம்' (இரண்டு ஜோடி ஓட்ட ஒவ்வொரு ஸ்பீக்கரும் 16 ஓம் இருக்க வேண்டும்) என்று எழுதியிருந்தால் ஒரு ஜோடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.