ஃபில்லர் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் கோட்டுக்குப் போன வருடம் நாகர்கோவிலில் ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிப் பள்ளத்தை நிரப்பும் ஜெல்) போட்டேன். இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி வீதம் 2 வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் கணிசமாகத் தள்ளுபடி தருவதாக கிளினிக்கில் சொல்கிறார்கள். இந்த மாதத்துக்குள் கட்ட வேண்டுமாம். கட்டலாமா? - வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கட்டாதீர்கள். நன்றாக இருக்கும் முகத்துக்கு எதற்கு இப்போதே ஊசி?

நீங்கள் போட்டது அநேகமாக ஹயலுரானிக் அமில ஃபில்லராக இருக்கும். ஜுவிடெர்ம், ரெஸ்டிலேன் எல்லாம் அந்த வகைதான். நம் உடம்பிலேயே இருக்கும் பொருள் அது, உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எவ்வளவு நாளில் கரையும் என்பது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். உதடு ஓயாமல் அசைவதால் அங்கே 6 மாதத்திலேயே குறையலாம். கன்னத்தில் ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட நிற்கும். சிலருக்கு அதன் மிச்சம் பல வருடம் கழித்தும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. அப்படியிருக்க, காலண்டரைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்பது கிளினிக்கின் வரவு செலவுக்கு ஒத்துவரும் கணக்கு. பழையது கரையுமுன் மேலே மேலே ஏற்றினால் முகம் உப்பிப்போகும். அதைக் கரைக்க ஹயலுரானிடேஸ் ஊசி போட வேண்டிவரும், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பழையதில் பெரும்பகுதி கரைந்து கொஞ்சம் மிச்சமிருக்கும்போது போட்டுக்கொண்டால் பெரும்பாலும் முதல் தடவையைவிடக் குறைந்த அளவே போதும். பேக்கேஜிலோ ஒவ்வொரு தடவையும் முழு சிரிஞ்சுக்கே விலை வைத்திருப்பார்கள். அரை மில்லி சிரிஞ்சிலும் சில ரகங்கள் வருகின்றன, கேட்டுப் பாருங்கள். முதல் ஊசிக்கு முன் எடுத்த போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டு, அதே வெளிச்சத்தில் இப்போது ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். கோடு திரும்ப வந்திருந்தால் அப்போது போங்கள், அன்றைக்குப் போடும் மில்லிக்கு மட்டும் பணம் கொடுங்கள். அழகுக்காகச் செய்வதற்கு ஜி.எஸ்.டி. உண்டு, விலை சொல்லும்போதே அது சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். மருத்துவக் காப்பீட்டில் இந்தச் செலவு திரும்ப வராது.

ஆவணியில் வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று நான்கு வாரம் முன்னாடியே முடித்துவிடுங்கள். வீக்கமும் நீலம்பாரித்த தடமும் வடிய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

ஃபில்லரை நீடிக்க வைப்பதாகச் சொல்லி விற்கும் க்ரீம், சீரம் எதுவும் வேண்டாம். அதிலுள்ள ஹயலுரானிக் அமிலம் தோலின் மேற்பரப்பை ஈரமாக வைக்கும், உள்ளே போட்டதை ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் வாங்குங்கள். வெயில் தோலைத் தளர்த்திவிட்டால் எவ்வளவு ஃபில்லர் போட்டும் பயனில்லை. குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் வரும்.

கேள்வி: ஒரு மில்லியில் பாதிதான் எனக்குப் போட்டார்கள். மீதியை என் பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்களாம். ஆறு மாதம் கழித்து அதைப் போட்டுக்கொள்ளலாமா? - வாசகி, தக்கலை

பதில்: வேண்டாம். ஃபில்லர் சிரிஞ்ச் ஒரே தடவைக்கானது. திறந்து, ஊசி ஏறிய பிறகு அது சுத்தமானது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போனது போகட்டும். அடுத்த தடவை உங்கள் கண் முன்னால் புது டப்பாவைப் பிரிக்கச் சொல்லி, காலாவதித் தேதியைப் பாருங்கள். ஊசியில்லாமல் ஃபில்லர் ஏற்றும் பேனா என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அதையும் தொடாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-லேயே அதைப் பற்றி எச்சரித்தது.

கேள்வி: திருவனந்தபுரத்தில் கன்னத்தில் போட்டேன். ஒரு பக்கம் கட்டியாக நிற்கிறது. என்ன மருந்து என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள், பில்லும் இல்லை. கேரளத்துக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? - வாசகி, களியக்காவிளை

பதில்: முதலில் இங்கேயே ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள். தோல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி. டி.வி.எல். படித்தவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோல் வெளுத்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மருந்தின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். ஹயலுரானிக் அமிலம் என்றால் ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம், கால்சியம் வகை ஃபில்லருக்கு அந்த ஊசி வேலை செய்யாது. சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. பில் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, தேதியோடு போட்டோ, இப்போது பார்க்கும் டாக்டரின் எழுத்துபூர்வக் கருத்து எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

வழக்குக்குத் திருவனந்தபுரம் போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க அதே சட்டம் இடம் தருகிறது, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள், சில கிளினிக்குகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வந்துவிடும்.