ஒரிஜினல் ரிப்போர்ட்டைக் கேட்கும் புரோக்கர்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. மூளை முடக்குவாதம், வலிப்பும் வருகிறது. வலிப்புக்கு ஒரு டாக்டர், பிசியோவுக்கு ஓர் இடம், கண்ணுக்கு வேறு ஊர் என்று அலைகிறோம். 8,000 ரூபாய் கொடுத்தால் மாற்றுத்திறனாளி அட்டை, மாத உதவித்தொகை, காப்பீடு எல்லாம் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒரிஜினல் ரிப்போர்ட்டுகளையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
(திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: வேண்டாம் அம்மா. ஜெராக்ஸ்கூட வேண்டாம். எம்ஆர்ஐ படமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அவர் கைக்குப் போய்விட்டால், எட்டாயிரம் பதினைந்தாயிரமாக ஆகும். நீங்கள் வாய் திறக்கவும் முடியாது.

அவர் விலை பேசும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு (யூடிஐடி) விண்ணப்பக் கட்டணமே கிடையாது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் அவர்களுக்குச் சிறு தொகை, அவ்வளவுதான். குறைபாடு எத்தனை சதவீதம் என்பதைப் பையனை நேரில் பார்த்து டாக்டர்தான் எழுதுவார். "சதவீதத்தை ஏற்றித் தருகிறேன்" என்று சொன்னால் உடனே விலகிவிடுங்கள். ஏமாற்றிச் சலுகை வாங்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர், அவர் பெயரல்ல. மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நீங்களே மனுக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். வளர வளர நிலைமை மாறும் என்பதால் அப்படி. சான்றில் கடைசித் தேதி போட்டிருக்கும். அதைக் காலண்டரில் குறித்து, இரண்டு மூன்று மாதம் முன்பே மறு பரிசோதனைக்குப் போய்விடுங்கள். தேதி தாண்டினால் உதவித்தொகை நிற்கலாம். நின்றதும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அதே புரோக்கர் வாசலில் நிற்பார். நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வரச் சொல்லும் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, அவர்கள் ஒருமுறை அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

காப்பீட்டுக்கு வருவோம். முதலமைச்சர் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. வாராவாரப் பிசியோவுக்கு அதை நம்ப முடியாது. உங்களுக்குத் தேவை நிராமயா, மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் வரை. ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ளமாட்டார்கள். தெரபிக்கும் ஒரு வரம்புக்குள் கிடைக்கும். ஆனால் முதலில் நாம் கட்டிவிட்டு, பில்லை அனுப்பித்தான் திரும்ப வாங்க வேண்டும். அதனால் துண்டுச்சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், முறையான பில் கேளுங்கள்.

அலைச்சலைக் குறைக்க, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டிஇஐசி எங்கே என்று கேளுங்கள். குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, கண், காது என்று பலவற்றையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்ப்பதற்காகவே வைத்த மையம் அது. சில நாள் ஆள் இருக்க மாட்டார்கள். எந்த டாக்டர் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் பையனின் எடை, மாத்திரைப் பெயர், எத்தனை மில்லிகிராம், கடைசியாக வலிப்பு வந்த தேதி. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். எடை கூடினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். அலுவலக வரிசையில் நிற்கும் நாளில் மத்தியான வேளை மாத்திரை தவறிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் பையிலேயே இருக்கட்டும்.