வேலூர் பக்கம் குடிக்கு நல்ல மறுவாழ்வு மையம் எப்படித் தேடுவது? சிகிச்சை முடிந்ததும் சில மாதம் தங்க 'ஹாஃப்வே ஹோம்' உண்டா?

இருபது வருடமாகக் குடிக்கும் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் என் அக்கா வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு இரண்டு முறை அலைந்தவன். முதல் முறை தப்பான கதவைத் தட்டினோம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2019இல் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு மையத்துக்குப் போன் போட்டேன். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் சார், வண்டி அனுப்புறோம்" என்றார்கள். ராத்திரி 2 மணிக்கு வேனில் நான்கு பேர் வந்து, தூங்கிக்கொண்டிருந்த மாமாவைக் கட்டியிருந்த லுங்கியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் போனில்கூடப் பேச விடவில்லை. டாக்டர் என்று ஒருவரும் அங்கே வந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியே வந்த அன்று சாயந்திரமே குடித்தார். ஒரு வருடம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இந்த மாதிரி வேனில் தூக்கிப் போவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப் பழக்கமும் அடங்கும். தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதென்றால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள்தான். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். "எந்த டாக்டர், எந்தக் கிழமை வருகிறார்?" என்று கேளுங்கள். அப்புறம், தங்கியிருப்பவர்களின் கழிப்பறையையும் சமையல்கட்டையும் பாருங்கள். ஆபீஸ் ரூமில் மாட்டியிருக்கும் போட்டோக்களைவிட அவை நிறையச் சொல்லும்.

மையம் தேடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 2021 கார்த்திகையில் மாமா தானாகவே ஐயப்பனுக்கு மாலை போட்டார். வீடே சந்தோஷப்பட்டது. குடியை ஒரே நாளில் நிறுத்தினார். மறுநாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, தறியில் ஓட்டுவது போல இல்லாத நாடாவை இப்படியும் அப்படியும் தள்ள ஆரம்பித்தார். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவது போல விரல்கள் தாமாக வேலை செய்தன. "பாவு அறுந்துபோச்சு, பாவு அறுந்துபோச்சு" (பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) என்று விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். மாலைக்கு ஏதோ தீட்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

தீட்டெல்லாம் இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில் சாராயம் சட்டென்று நின்றால் மூளை தறிகெட்டுப் போகும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இந்தப் பிதற்றல் இரண்டாம், மூன்றாம் நாளுக்குப் பிறகு வரும். உயிரே போகக்கூடும். குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தயாமின் என்ற வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பத்தாம் நாள் என்னைப் பார்த்து "எப்படா வந்த?" என்றார்.

அதனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது ஆஸ்பத்திரி, மையம் அதற்குப் பிறகுதான். அடுக்கம்பாறை கணியம்பாடி போகிற வழியில் இருக்கிறது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது அங்கே ஆரம்பத்திலிருந்தே உள்ள வழக்கம், லீவு போடத் தயாராகப் போங்கள். தமிழக அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. பக்கத்தில் எது என்று 14446க்குப் போன் செய்து கேட்கலாம், அது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். மனசு சரியில்லை என்றால் 14416. (எங்கள் அப்பா இன்னும் வட ஆற்காடு என்பார். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகிவிட்டதால் விசாரிக்கும்போது எந்த மாவட்டம் என்று சரியாகச் சொல்லுங்கள்.)

'ஹாஃப்வே ஹோம்' விஷயத்துக்கு வருகிறேன். முன்பு சொன்ன மனநலச் சட்டத்தில் இப்படிப்பட்ட இல்லங்களைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. ஆனால் நான் தேடியபோது கிடைத்தவை மனநோயிலிருந்து மீள்பவர்களுக்கானவை. வெளிநாட்டில் குடியை விட்டவர்கள் சேர்ந்து தங்கி, வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டில் சரக்கு கூடாது என்ற விதியோடு வாழும் வகை எங்கள் கைக்கு அகப்படவில்லை. சரி, நாமே ஒன்று செய்துகொள்ளலாம் என்று அக்காதான் சொன்னாள்.

மாமா வீட்டுத் தெருமுனையில் டாஸ்மாக். சனிக்கிழமை கூலி. இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த மாத்திரையும் நிற்காது. அதனால் ராணிப்பேட்டையில் அவருடைய அண்ணன் வீட்டு மாடியில் நான்கு மாதம் இருந்தார். அங்கேயே ஒரு பட்டறையில் வேலை, கூலி நேராக அக்கா கணக்குக்கு. வாரம் இரண்டு நாள் 'ஏஏ' (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம் அது. அதற்குக் காசு கிடையாது, குடியை விட வேண்டும் என்ற ஆசை மட்டும் போதும். மதுவை விட்டு ஏழு வருடமான ஒரு லாரி டிரைவர் அங்கே பழக்கமானார். ராத்திரி பதினோரு மணிக்குக் கை பரபரக்கும்போது மாமா போன் போட்டது அவருக்குத்தான். டாக்டருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. குடும்பத்தாருக்கென்று 'அல்-அனான்' கூட்டம் தனியாக உண்டு. அக்கா முதலில் "நான் என்ன குடிக்கிறேனா?" என்று சண்டை போட்டாள். இப்போது ஒரு கூட்டம்கூட விடுவதில்லை.

குடியை விட்ட ஆறாவது மாதம், வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர் மறுபடி குடித்தார். இரண்டு நாள். மூன்றாம் நாள் டிரைவர் அண்ணனே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். யாரும் திட்டவில்லை. இனி திருவிழாவுக்கு ஊரில் இருப்பதில்லை என்று மாமாவே முடிவு செய்தார்.

இன்னொன்று. ரசத்தில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி, மாத்திரை என்று விளம்பரம் வரும், தொடாதீர்கள். அதில் டைசல்பிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மருந்து) இருந்து, அதன் மேல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்து குடிப்பவருக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லி எடுக்க வேண்டியது.

உங்கள் அப்பாவுக்குக் காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆம் என்றால் வீட்டில் வைத்து நிறுத்த முயல வேண்டாம், மையத்தைத் தேடுவதையும் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். வழியில் வலிப்பு வந்தால் 108.